கருப்பி இறங்கி வந்த நாள்

மூக்கில் ஒரு கீறல். கடுகளவு ரத்தம். வெள்ளைச் சடை நடுங்க, ஜிம்மி அத்தையின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பீரோ மேல் ஏறி உட்கார்ந்த கருப்பி வாலை இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டிருந்தது. நாய் வீட்டுக்குள் வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

நார்த்தாமலையில் முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கிறது அத்தை வீடு. கருப்பி அங்கே நாலு வருஷமாக இருக்கிற பூனை. ஜிம்மி, திருச்சியில் படிக்கும் பேரன் கொண்டுவந்த ஐந்து மாதக் குட்டி. நம் ஊரில் பொமரேனியன் என்று சொல்லி வளர்க்கிறோமே, அந்த வகை. அவற்றில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். "ரெண்டும் பழகிக்கட்டும் அப்பத்தா" என்று குட்டியைத் தூக்கி நேரே பூனையின் முகத்துக்கு முன்னால் நீட்டிவிட்டான் அவன். ஆசையில் செய்ததுதான். பல வீடுகளில் நடக்கிற தவறும் இதுவேதான்.

பெரிய நாய் என்றால் பூனைக்கு ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். சின்ன நாய் என்றால் கவலை இல்லை என்று நினைத்துவிடுகிறோம். ஜிம்மியும் கருப்பியும் ஏறக்குறைய ஒரே எடை.  ஒரு நகம் குட்டியின் விழியில் பட்டிருந்தால் பார்வையே போயிருக்கலாம்.

இரண்டும் ஒன்றை ஒன்று வெறுத்துப் பிறந்தவை அல்ல. பாஷைதான் வேறு. நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் சந்தோஷம். பூனை வாலை விசிறி அடித்தால் எரிச்சல். நாய் மல்லாந்து வயிற்றைக் காட்டினால் "நான் சண்டைக்கு வரலை" என்று பொருள். மூலையில் மாட்டிக்கொண்ட பூனை மல்லாந்தால் நாலு காலின் நகமும் தயார் என்று பொருள். நாயின் மூதாதை கூட்டமாக வேட்டையாடிய ஓநாய். பூனையின் மூதாதை தனியாகப் பதுங்கிப் பிடித்த காட்டுப்பூனை. புதிதாக யாரைக் கண்டாலும் ஓடிப்போய் முகர்வது நாய்க்கு மரியாதை. பூனைக்கு அது அத்துமீறல்.

டெல் அவீவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே கூரையின் கீழ் நாயும் பூனையும் இருக்கும் வீடுகளைப் பார்த்து 2008-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெரும்பாலான வீடுகளில் இரண்டும் சுமுகமாகத்தான் இருந்தன. பூனை முதலில் வந்து, நாய் பிறகு வந்த வீடுகளில் உறவு நன்றாக அமைந்தது. பூனை ஆறு மாதத்துக்குள்ளும் நாய் ஒரு வயதுக்குள்ளும் சேர்ந்தால் இன்னும் நல்லது. அத்தை வீட்டில் வரிசை சரிதான். ஆனால் கருப்பிக்கு வயது நாலு. பொறுமை வேண்டியிருந்தது அதனால்தான்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வீட்டின் அமைப்பு. பழைய வீட்டில் வாசலும் திண்ணையும் நாய்க்கு. அடுப்படியும் பரணும் பூனைக்கு. யாரும் சட்டம் போடவில்லை. நாய் ராத்திரி திண்ணையடியில் சுருண்டுகொள்ளும். பூனை பரணில் எலிக்குக் காத்திருக்கும். பாதை குறுக்கிட்டால் பூனைக்கு ஏற ஓட்டுச்சாய்ப்பு இருந்தது. இப்போது அத்தை வீடும் தளம் போட்ட வீடு. திண்ணை போய் போர்ட்டிகோ வந்துவிட்டது. நாயும் பூனையும் டிவியும் நாமும் ஒரே ஹாலில். ஓடிப்போக இடமில்லாத பூனை நகத்தைத்தான் நீட்டும். பூனைக்கு ஓர் உயரம் கொடுத்தால் பாதிச் சண்டை தீர்ந்தது என்பேன்.

அத்தை அதைத்தான் செய்தார், யாரும் சொல்லாமலே. அடுப்படிக்கு மேலே காங்கிரீட் பரணில் பெரிய பித்தளை அண்டா கிடந்தது. அதை இறக்கிக் கிணற்றடியில் வைக்கச் சொன்னார். அந்த இடத்தில் பழைய சாக்கை நாலாக மடித்துப் போட்டு, ஏறுவதற்கு ஜன்னலோரம் ஒரு ஸ்டூல். கருப்பியின் சோற்றுத் தட்டும் மேலே போனது. அதில் இன்னொரு நன்மை: பூனைத் தட்டை நாய் காலி பண்ண முடியாது. நாய்க்கு வைக்கிற தயிர்சோறு பூனைக்குப் போதவும் போதாது. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு வேண்டிய அளவுக்குத் தானே செய்துகொள்ளாது. மீன், கறியிலிருந்துதான் கிடைக்க வேண்டும்.

முதல் வாரம் இரண்டும் முகமே பார்க்கவில்லை. ஜிம்மி முன்னறையில், கருப்பி உள்ளே, நடுவில் மூடிய கதவு. ஜிம்மி படுத்த துண்டைப் பூனையின் சாக்கு பக்கத்தில் போட்டார்கள். பூனை படுத்த துணி நாயிடம் வந்தது. முதல் நாள் கருப்பி துண்டைப் பார்த்துச் சீறியது. நாலாம் நாள் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தது. பிறகு அந்தக் கதவின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு. மற்றதன் வாசனை வந்தால் வயிறு நிறையும் என்று இரண்டுக்கும் பதிய வேண்டும்.

நல்லவேளை, பங்குனித் தேரோட்டம் முடிந்து ஊர் அடங்கியிருந்தது. வேட்டும் மேளமும் ஜனமும் நிறைந்த வாரத்தில் எந்த விலங்கும் புதுப் பழக்கம் கற்காது.

இரண்டாம் வாரம் பேரன் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். வெயில் தாழ்ந்து பாறைச் சூடு தணிந்ததும், ஜிம்மியை மேலமலைச் சரிவுக்குக் கூட்டிப்போவான். சித்திரைப் பகலில் அந்தப் பாறையில் நடந்தால் நாயின் பாதம் வெந்துவிடும், அதனால் பொழுது சாய்ந்த பிறகுதான். மேலே விஜயாலய சோழீச்சரக் கோயிலின் விமானம் மஞ்சள் வெளிச்சத்தில் நிற்கும். குட்டி பாறைக்குழிகளில் மூக்கை விட்டுவிட்டு நாக்குத் தள்ளத் திரும்பும். களைத்த நாய்க்குப் பூனையைத் துரத்தத் தோன்றாது. அதன் பிறகுதான் சங்கிலியோடு ஹாலுக்குள் விடுவார்கள். அது பூனையைக் கண்கொட்டாமல் முறைத்தால் கூப்பிட்டுத் திருப்புவது; திரும்பினால் உப்புப் போடாமல் வேகவைத்த கோழித்துண்டு. திட்டவில்லை. பூனையை யாரும் கையில் பிடித்து வைக்கவும் இல்லை.

"இன்னும் பரண்லயே இருக்கு அப்பத்தா" என்று அவன் அலுத்துக்கொண்டபோது அத்தை சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "விடுறா அப்பு. எறங்கணும்னு அதுக்குத் தோணணும்." இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2018-இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: உறவு நன்றாக அமைவது நாயைவிடப் பூனை நிம்மதியாக இருப்பதைப் பொறுத்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். நாய்க்கு உண்ணி மருந்து போடுகிறோம். அவற்றில் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய் தாங்கும், பூனைக்கு அது விஷம். மருந்து ஈரமாக இருக்கிற நாயின் மேல் பூனை உரசினாலே, நக்கினாலே நடுக்கமும் வலிப்பும் வரலாம், உயிரும் போகலாம். இரண்டும் இருக்கிற வீட்டில் கால்நடை மருத்துவரிடம் "வீட்டில் பூனையும் இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காய்ச்சல் என்று பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், அதுவும் கொல்லும். வெறிநோய்த் தடுப்பூசி நாய்க்கு மட்டுமல்ல, பூனைக்கும் வேண்டும். நடுவில் புகுந்து விலக்கும்போது கடியோ கீறலோ பட்டால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இருபத்து மூன்றாம் நாள் நான் அங்கே இருந்தேன். அத்தை முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். ஜிம்மி அவர் காலடியில் அரைத்தூக்கத்தில். கருப்பி ஸ்டூலில் இறங்கியது. அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்து காலை நக்கியது. பிறகு தரைக்கு வந்தது. வால் செங்குத்தாக நின்றது, நுனி மட்டும் லேசாக வளைந்து. பூனை நட்பாக வரும்போது வைக்கிற வால் அது. குட்டி தலையைத் தூக்கியது. பேரன் சங்கிலியைப் பிடித்தபடி மூச்சுவிடவில்லை. கருப்பி கழுத்தை நீட்டி, கீறல் ஆறியிருந்த அந்த மூக்கைத் தன் மூக்கால் ஒருமுறை தொட்டது. அவ்வளவுதான். தாண்டிப்போய் வாசல்படி வெயிலில் உட்கார்ந்துகொண்டது. ஜிம்மி வாலை ஆட்டியதே தவிர எழுந்து போகவில்லை.

இப்போது சில மதியங்களில் இரண்டும் ஒரே கோரைப்பாயில் படுத்திருக்கும், ஒரு முழ இடைவெளி விட்டு. வீட்டில் ஆள் இல்லாதபோது இன்னும் கதவைச் சாத்தித் தனித்தனியாகத்தான் விடுகிறார்கள். போன வாரம் பேரன், "அதான் பழகிருச்சே, அண்டாவைப் பரண்ல ஏத்திடவா?" என்று கேட்டான்.

"அது கெணத்தடியிலயே கெடக்கட்டும்டா" என்றார் அத்தை.