தென்கயிலைக்குச் செல்லும் பாதை

கோவைச் சரவணம்பட்டியிலே சிறு குன்றின்மேல் எழுந்தருளியிருக்கும் முருகனை வணங்கிவிட்டு மேற்கே நோக்குவோருக்கு, வானத்தின் விளிம்பில் நீலமாய் நீண்டு கிடக்கும் மலைத்தொடர் தென்படும்; அத்தொடரிலேதான், ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில், தென்கயிலை என்று பெரியோர் போற்றிய வெள்ளியங்கிரி நிற்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் கச்சியப்ப முனிவர் இயற்றிய பேரூர்ப் புராணம் இதன் மகிமையைப் பாடுகிறது. கொங்கு மக்களோ தம் பிள்ளைகளுக்கு ‘வெள்ளிங்கிரி’ என்றே பெயரிட்டு, அம்மலையைத் தலைமுறைதோறும் வீட்டிலே வைத்து அழைத்து வருகின்றனர்.

மாசி மாதத்துச் சிவராத்திரியையொட்டித் தொடங்கி வைகாசி வரை நடைபெறும் யாத்திரையில், பூண்டி அடிவாரத்தில் ஆண்டவரைத் தொழுது, மூங்கில் தடியை ஊன்றி, வெயிலுக்கு அஞ்சி இரவிலேயே புறப்படும் பக்தர், ஏழு மலைகளுள் முதல் மலையின் செங்குத்தான படிகளிலேயே தம் தேகபலத்தின் எல்லையை அறிந்துகொள்கின்றனர். வெள்ளைப் பிள்ளையார், வழுக்குப்பாறை, பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, பீமன் களியுருண்டை என்று பாறைக்கும் ஊற்றுக்கும் முன்னோர் பெயர் சூட்டி வைத்திருப்பதால், களைத்த கால்கள் அடுத்த பெயரை நோக்கி நடக்கின்றன. ஆண்டிச் சுனையின் குளிர்ந்த நீரில் மூழ்கி, நடுங்கும் உடலோடு ஏழாம் மலையேறி, பெரும்பாறைகள் கூடி அமைத்த குகையினுள் குனிந்து நுழைந்தால், விபூதி மணமும் கற்பூர ஒளியும் சூழ, சுயம்புலிங்கமாய் ஈசன் தரிசனம் தருகின்றான்.

ஜப்பானியரின் பூஜி மலையிலும் யாத்திரிகர் மரத்தடி ஊன்றியே ஏறுகின்றனர். வழியிலுள்ள தங்குமிடங்களில் காய்ச்சிய இரும்பால் அத்தடியில் முத்திரையிடுவது அங்குள்ள வழக்கம். நம்மவரிலும் ஏறி வந்த தடியை அடுத்த ஆண்டுக்கெனப் பத்திரப்படுத்துவோர் உண்டு. தேசமும் தெய்வமும் வேறாயினும், சிகரத்தைத் தன் காலால் நடந்தே அடைய வேண்டும் என்னும் சிரத்தை ஒன்றே.

காஞ்சிமாநதி என்று பழையோர் வழங்கிய நொய்யல் வெள்ளியங்கிரி மலைகளிலே உற்பத்தியாகி, பேரூர்ப் பட்டீசுவரர் சந்நிதியைத் தொட்டு, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கிறது. ஆகையால், மேலே சுனையோரம் எறியப்படும் ஒரு பிளாஸ்டிக் உறை, யானைகள் உலவும் காட்டையும் நதியின் பிறப்பிடத்தையும் ஒருங்கே அசுத்தப்படுத்துகிறது. அடிவாரத்தில் வனத்துறையார் பைகளைச் சோதிப்பதை இடையூறாகக் கருதாமல், வழிபாட்டின் முதல் அங்கமாகவே கொள்ளுதல் தகும். மலையேறும் அன்பர்களே, கொண்டு செல்வது எதுவாயினும் திரும்பக் கொண்டு வாருங்கள். நெற்றித் திருநீற்றோடு வெறுங்கையராய் இறங்க வேண்டாம், உங்கள் குப்பையையும் சுமந்து இறங்குங்கள்.