வண்ணக் காகிதத்தில் வாழ்த்து, கையகல ஏட்டில் குடும்பம்



உங்கள் இல்லத்து அலமாரியின் மேல்தட்டைச் சற்றே எட்டிப் பாருங்கள். கடந்த ஓரிரு ஆண்டுகளில் வந்து சேர்ந்த நிக்காஹ் அழைப்பிதழ்கள் அங்கே ஒரு கட்டாகக் கிடக்கும். பொன்னிறப் பூவேலையும் பட்டுப் போன்ற வழவழப்பும் கொண்ட அவற்றை எறியவும் மனம் வராது. வைத்திருக்கவும் காரணம் இராது. அதே அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய புகைப்பட ஆல்பம் ஒன்று துணிகளுக்கு அடியில் உறங்கிக் கொண்டிருக்கும். இவ்விரண்டையும் வெளியே எடுங்கள். ஒரு கத்தரிக்கோல், ஓர் அளவுகோல், சிறிது பசை ஆகியவற்றையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பெருநாளைக்கு வாழ்த்து அட்டையும், உள்ளங்கையில் அடங்கும் சிறு ஆல்பமும் செய்யும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

"கைப்பேசியைத் தொட்டால் நொடியில் நூறு பேருக்கு வாழ்த்துச் சென்றுவிடுகிறதே! இந்த உழைப்பு எதற்கு?" என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆயினும் அந்த நூறு பேருக்கும் செல்வது ஒரே படம். பெறுபவரும் அதை அறிவார். மறுநாள் அழித்தும் விடுவார். நம் கையால் வெட்டி, மடித்து, பெயரிட்டு எழுதிய அட்டையோ ஒருவருக்கென்றே செய்யப்பட்டது. அதைச் செய்த அரைமணி நேரமும் நாம் அவரை நினைத்திருந்தோம் என்பதற்கு அந்த அட்டையே சாட்சி.

காகிதமும் நம் முன்னோரும்

'காகிதம்' என்னும் சொல்லே பாரசீக, அரபு வழியாகத் தமிழுக்கு வந்தது. நம் பெரியவர்கள் பேச்சில் 'காயிதம்' என்றால் கடிதம் என்றும் பொருள். "வாப்பாவிடமிருந்து காயிதம் வந்ததா?" என்று கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. சீனத்தில் பிறந்த காகிதக் கலை 8ஆம் நூற்றாண்டில் சமர்கந்து வழியாக முஸ்லிம் உலகை அடைந்தது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் பக்தாதில் காகித ஆலை எழுந்தது. நூல்களும் கணக்கேடுகளும் கடிதங்களும் பெருகின.

எழுதுவதற்கு மட்டுமன்றி, அழகுக்காகவும் காகிதத்தைப் பக்குவப்படுத்தினர். பிசின் கரைத்துக் கெட்டியாக்கிய நீரின் மேல் வண்ணங்களைத் தெளித்து, அவை அலையும் கோலத்தைத் தாளில் ஒற்றி எடுக்கும் கலைக்குத் துருக்கியில் 'எப்ரு' என்று பெயர். 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. 17ஆம் நூற்றாண்டில் நம் தக்காணத்துப் பீஜப்பூரிலும் இம்முறையால் அரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் காகிதம் செய்வதையே குலத்தொழிலாகக் கொண்ட 'காக்ஜி' முஸ்லிம் குடும்பங்கள் பருத்தித் துணிக் கழிவிலிருந்து இன்றும் கைத்தாள் செய்து வருகின்றன. கடைகளில் 'ஹேண்ட்மேட் பேப்பர்' என்று கேட்டு நாம் வாங்கும் பூவிதழ் பதித்த தாள்கள் இத்தகைய கைத்தாள் வகையைச் சேர்ந்தவை.

வெட்டுவதற்கு முன்

அழைப்பிதழ்களில் இறைவனின் திருப்பெயரோ, திருமறை வசனமோ, ஹதீஸோ அச்சிடப்பட்டிருக்கும். கத்தரிக்கோலைத் தொடும் முன் அப்பகுதியைப் பிழையின்றி முழுமையாகப் பிரித்தெடுத்துத் தனி உறையில் வையுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் இத்தகைய தாள்களைப் பேணி அடக்கும் ஏற்பாடு இருப்பின் அங்கே சேர்த்துவிடுங்கள். நீங்கள் செய்யும் வாழ்த்து அட்டையின் உறைமேலும் புனித வாசகங்களை எழுத வேண்டாம். உறை கிழிபடும், காலடியிலும் விழும். எழுத விரும்புவதை அட்டையின் உள்ளே எழுதுங்கள்.

எஞ்சிய பகுதியை மூன்றாக வகைப்படுத்துங்கள். பூவேலையுள்ள மெல்லிய தாள்கள் அட்டையின் முகப்புக்கு. ஓரக்கரைகளும் சிறு துண்டுகளும் அலங்காரத்துக்கு. தடித்த அட்டைகளும் இனிப்புப் பெட்டி, புடவைப் பெட்டிகளின் அட்டைகளும் ஆல்பத்தின் மேலுறைக்கு.

வாழ்த்து அட்டை

சற்றே தடித்த ஏ4 வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்துக் குறுக்கே இரண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு பாதியையும் நடுவில் மடித்தால் 10.5 செ.மீ. அகலமும் 14.8 செ.மீ. உயரமும் உள்ள இரண்டு அட்டைகள் கிடைக்கும். தடித்த தாளை அப்படியே மடித்தால் மடிப்பு வெடித்துப் பிசிறு தெரியும். மை தீர்ந்த பேனாவின் முனையால் அளவுகோலை ஒட்டி ஒரு கோடு அழுத்தி இழுத்து, அக்கோட்டில் மடியுங்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆலையில் செய்த தாளுக்கு, மரத்துக்கு இருப்பது போலவே, நார் ஓடும் திசை ஒன்று இருக்கிறது. தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எவ்வாறு வளைக்கும்போது எதிர்ப்புக் குறைவாக இருக்கிறதோ, அவ்வாறே மடித்தால் மடிப்பு நேராகவும் உறுதியாகவும் அமையும். கைத்தாளில் நார்கள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடப்பதால் இவ்வேறுபாடு பெரிதும் தெரியாது.

முகப்புக்கு 9.5 செ.மீ. அகலமும் 13.8 செ.மீ. உயரமும் உள்ள வண்ணத்தாளை வெட்டி ஒட்டினால் நான்கு புறமும் அரை செ.மீ. வெள்ளைக்கரை தெரியும். அட்டைக்கு அழகு தருவது அந்தக் கரைதான். பசையை மெல்லிய படலமாக, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தடவுங்கள். பசையிலுள்ள ஈரத்தால் தாள் விரிந்து சுருக்கம் விழும். ஆகவே குறைவான பசையே நல்லது. ஒட்டியதும் வெள்ளைத்தாள்களுக்கிடையே வைத்து, கனமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விட்டுவிடுங்கள். பிறை, மினாரா, கொடிப்பூ என எதை வெட்டி ஒட்டினாலும் ஒன்றே போதும். கண்ணாடிச் சில்லு, மணி போன்றவை வேண்டாம். அவை அஞ்சலில் முத்திரை குத்தும்போது நசுங்கும், உறையையும் கிழிக்கும். உறையும் வண்ணத்தாளில் செய்வதாயின், முகவரியை வெள்ளைத்தாளில் தெளிவாக எழுதி அதன்மேல் ஒட்டுங்கள்.

உள்ளே என்ன எழுதுவது?

அட்டை எத்துணை அழகாயினும், உள்ளே 'பெருநாள் வாழ்த்துக்கள்' என்ற ஒரு வரியோடு நின்றுவிட்டால் அது கடையில் வாங்கியதற்கு ஒப்பாகிவிடும். மதரஸாவில் பிள்ளைகளை ஒருமுறை இவ்வாறு அட்டை செய்ய வைத்தேன். ஒரு சிறுமியின் வாப்பா வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பவர். அவள் அட்டையை அழகுறச் செய்து முடித்துவிட்டு, எழுத ஒன்றுமில்லை என்று நெடுநேரம் அமர்ந்திருந்தாள். "தினமும் போனில் பேசுகிறோமே, எல்லாம் சொல்லியாயிற்று உஸ்தாத்" என்றாள். "போனில் சொல்லாத ஒன்றை எழுதம்மா" என்றேன். அவள் எழுதியது இதுதான்: "வாப்பா, உங்கள் செருப்பை உம்மா இன்னும் வாசலில்தான் வைத்திருக்கிறார்கள். நான் தினமும் துடைக்கிறேன்."

அந்த வரியை எந்த அச்சகத்தாலும் அடிக்க இயலாது. நீங்களும் அவ்வாறே எழுதுங்கள். முற்றத்து முருங்கை பூத்ததையும், பேரன் முதல் நோன்பு வைத்ததையும், நன்னியின் கண் அறுவை நன்கு முடிந்ததையும் எழுதுங்கள். மூன்று வரி போதும். நாளும் ஊரும் குறித்துக் கையொப்பமிடுங்கள்.

ஆல்பங்களைக் காத்தல்

இனி கீழ்த்தட்டு ஆல்பத்துக்கு வருவோம். 1980, 90களில் நம் வீடுகளில் பரவலாக வாங்கிய ஆல்பங்கள் பலவற்றில், பசை தடவிய தடித்த பக்கமும் அதன்மேல் உரித்து ஒட்டும் பிளாஸ்டிக் தாளும் இருக்கும். காலப்போக்கில் அப்பசை பழுப்பேறிப் படங்களைக் கறைப்படுத்தும். அல்லது படம் பெயராதபடி இறுகிவிடும். உங்கள் ஆல்பம் அவ்வகையாயின் இன்றே திறந்து பாருங்கள். எளிதில் வரும் படங்களை எடுத்துவிடுங்கள். இறுகிய படத்தை நகத்தால் நெம்பாதீர்கள். பல் துலக்கப் பயன்படும் நூல் இழையைப் படத்துக்கும் பக்கத்துக்கும் இடையே செலுத்தி, மெதுவாக அறுப்பதுபோல் இழுத்துப் பாருங்கள். அதற்கும் அசையாவிடில் பக்கத்தோடு சேர்த்தே நகல் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கைப்பேசியிலுள்ள படங்களுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. கருவி நீரில் விழுந்தாலோ தொலைந்தாலோ, வேறிடத்தில் சேமிக்காத படங்கள் அதனோடு போய்விடும். ஆயிரம் படங்களில் எட்டைத் தேர்ந்து அச்சிட்டுவிடுங்கள். 4 x 6 அங்குலத் தாளில் 3 x 4 அங்குலப் படங்கள் இரண்டை அமைத்துத் தரும்படி ஸ்டூடியோவில் கேளுங்கள். நான்கு தாளில் எட்டுப் படங்கள் கிடைக்கும்.

கையகல ஆல்பம்

சார்ட் தாளிலிருந்து 70 செ.மீ. நீளமும் 12 செ.மீ. அகலமும் உள்ள பட்டையை வெட்டுங்கள். அதை மூன்று முறை பாதி பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுச் சமபாகங்கள் தெரியும். அம்மடிப்புகளை ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக விசிறிபோல் மாற்றி மடியுங்கள். 8.75 செ.மீ. அகலமுள்ள எட்டுப் பக்கங்கள் ஆயத்தம்.

மேலுறைக்கு 9.2 x 12.5 செ.மீ. அளவில் தடித்த அட்டைகள் இரண்டு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 12.2 x 15.5 செ.மீ. வண்ணத்தாளை வெட்டி, அட்டையை அதன் நடுவில் ஒட்டுங்கள். தாளின் நான்கு மூலைகளையும், அட்டையின் முனையிலிருந்து சிறிது இடைவெளி விட்டுச் சாய்வாக வெட்டி, ஓரங்களை உட்புறமாக மடித்து ஒட்டுங்கள். விசிறியின் முதல் பக்கத்தை ஓர் அட்டையின் உட்புறத்திலும் கடைசிப் பக்கத்தை மற்றதன் உட்புறத்திலும் ஒட்டி, எடை ஏற்றி உலர்த்துங்கள். ஒட்டும்போது பட்டை மடிந்த நிலையிலேயே இருக்கட்டும்.

படங்களின் முதுகில் பசை தடவ வேண்டாம். 3 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலமுள்ள சிறு தாளின் மேல்முனைகள் இரண்டையும் கீழோரத்தின் நடுவில் சேருமாறு மடித்தால் முக்கோணப் பை ஒன்று உண்டாகும். படத்தின் நான்கு மூலைகளையும் இத்தகைய பைகளில் செருகி, பைகளை மட்டும் பக்கத்தில் ஒட்டுங்கள். வேண்டும்போது படத்தை எடுக்கலாம், மாற்றலாம்.

ஓவியங்களையும் எழுத்தணிகளையும் ஏடுகளாகத் தொகுக்கும் மரபு ஈரானிலும் துருக்கியிலும் முகலாய இந்தியாவிலும் இருந்தது. அவ்வேட்டுக்கு 'முரக்கஃ' என்று பெயர். ஒட்டுப்போட்டது என்பது அதன் பொருள். பேரரசர் ஜஹாங்கீரின் 'குல்ஷன்' தொகுப்பின் பெரும்பகுதி இன்றும் தெஹ்ரானின் குலிஸ்தான் அரண்மனையில் பேணப்படுகிறது. பல கைகளின் துண்டுகளை ஒன்றாக்கிப் பூவேலைக் கரை சூட்டிய ஏடுகள் அவை. பழைய அழைப்பிதழ்த் துண்டுகளால் நீங்கள் செய்யும் ஏடும் அவ்வகையின் எளிய வடிவமே. புகைப்படம் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. படம் வைப்பதைத் தவிர்க்கும் இல்லத்தார், பெரியவர்களின் கையெழுத்து, பழைய கடிதத்தின் ஒரு துண்டு, பிள்ளையின் முதல் எழுத்து ஆகியவற்றை இவ்வேட்டில் வைக்கலாம்.

பெயர் எழுதுங்கள்

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே, இருப்பவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பக்கத்தின் மீது பென்சிலால் எழுதுங்கள். பேனாவால் படத்தின் முதுகில் அழுத்தி எழுதினால் முகப்பில் தடம் தெரியும். பழைய ஆல்பத்தைப் புரட்டும்போது, "இவர்கள் யார்?" என்று பிள்ளை கேட்க, விடை சொல்ல எவரும் இல்லாத படங்கள் எத்தனை! முகம் அழியாமல் இருக்கிறது, பெயர் அழிந்துவிட்டது. அப்பெயர்களை அறிந்த நன்னாவோ வாப்பும்மாவோ இன்று உங்கள் வீட்டில் இருப்பின், அது பெரும் பேறு. கத்தரிக்கோலையும் பசையையும் நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்று மாலை அஸருக்குப் பின் பழைய படங்களை எடுத்துக்கொண்டு அவர்கள் அருகில் அமருங்கள். ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.