உஷார்! டேங்க் உங்கள் வீட்டில், வழக்கும் உங்கள் மேல்தான்

பாத்ரூமில் தண்ணீர் இறங்காமல் கொப்பளிக்கிறது. செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது என்று புரிந்து லாரிக்காரருக்கு போன் போடுகிறீர்கள். வருகிறார், மூடியைத் திறக்கிறார், குழாயை விட்டு உறிஞ்சுகிறார். பிறகு டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "தண்ணியெல்லாம் வந்திருச்சு சார். அடியில மண்டி கெட்டியா உக்காந்திருக்கு, குழாய்ல ஏறாது. ஆளு இறங்கி அள்ளினாத்தான் சுத்தமாகும். பையன் இருக்கான், ஆயிரம் ரூபா சேத்துக் குடுத்துருங்க."

"எடுக்கிறதே எடுக்கிறோம், முழுசா எடுத்துருப்பா" என்றுதான் நம் வாயில் வரும். உஷார்! அதைச் சொன்ன நொடியில் நீங்கள் கிரிமினல் வழக்குக்குள் ஒரு காலை வைத்துவிட்டீர்கள்.

கையால் மலம் அள்ளும் பணிக்குத் தடை விதிக்கும் சட்டம் 2013இல் வந்தது. "அது முனிசிபாலிட்டிக்குப் போட்ட சட்டம், நமக்கென்ன?" என்றுதான் படித்தவர்கள்கூட நினைக்கிறார்கள். அதன் 7ஆம் பிரிவை யாராவது வாசித்துக் காட்டினால் முகம் மாறிவிடும். பாதாளச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆபத்தான முறையில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைக்கக் கூடாது என்ற தடை உள்ளாட்சிக்கும் உண்டு, ஏஜென்சிக்கும் உண்டு, தனி மனிதருக்கும் உண்டு. நேரடியாக வைத்தாலும் குற்றம், இன்னொருவர் மூலம் வைத்தாலும் குற்றம். ஆகவே "நான் லாரிக்காரரிடம்தான் பேசினேன், இறங்கியவர் யாரென்றே எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை. இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்கள் பிடியாணை இல்லாமல் கைது செய்யக் கூடியவை, ஜாமீனில் வர முடியாதவை.

ஆள் இறந்துபோனால் அதோடு நிற்காது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. இறங்குபவர் பெரும்பாலும் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பது நம் ஊரில் ஊரறிந்த ரகசியம். அதனால் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்து வரலாம். சாக்கடை, டேங்க் மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் என்று சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. அப்பார்ட்மென்ட் சங்கச் செயலாளர்களும் இதைப் படித்து வைப்பது நல்லது. கையெழுத்துப் போட்டு ஆளை அழைத்தவர் பெயர்தான் எஃப்.ஐ.ஆரில் முதலில் ஏறும்.

இவ்வளவு கடுமை எதற்கு? டேங்குக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் கேட்க மாட்டீர்கள். மூடியே கிடக்கும் தொட்டியில் கழிவு அழுகி மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்கின்றன, ஆக்சிஜன் குறைகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு அழுகிய முட்டை நாற்றம். அளவு ஏறினால் அது மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் நின்றதும் "கேஸ் போயிருச்சு" என்று இறங்குபவர் இரண்டு மூச்சில் சுருண்டு விழுவது இதனால்தான். மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விட்டால் போதும் என்ற வைத்தியமும் பலிக்காது. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். விளக்கையோ தீக்குச்சியையோ காட்டிச் சோதிக்கும் பழைய பழக்கம் அதைவிட மோசம். மீத்தேன் பற்றிக்கொள்ளும்.

ஒருவர் விழுந்ததும் மேலே நிற்பவர் பதறிப்போய்க் குதிப்பார். அவரும் விழுவார். அடுத்து மூன்றாமவர். அண்ணன் தம்பி, அப்பா மகன் என்று ஒரே குடும்பத்தில் வரிசையாகச் சாவது இப்படித்தான். யாராவது விழுந்தால் உள்ளே இறங்காதீர்கள், யாரையும் இறங்க விடாதீர்கள். 101க்கோ 112க்கோ அழையுங்கள். மூச்சுக்கருவி மாட்டிய தீயணைப்பு வீரர் மட்டுமே இறங்க வேண்டிய இடம் அது.

புது வீடு கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. "இன்னும் பயன்படுத்தவே இல்லையே, இதில் என்ன கேஸ்?" என்று புது டேங்கிலும் சம்ப்பிலும் சென்ட்ரிங் பலகை பிரிக்க ஆளை இறக்குகிறார்கள். மேலே கான்கிரீட் போட்டு நாள்கணக்கில் மூடிக் கிடந்த தொட்டி. உள்ளே தேங்கிய தண்ணீரில் ஊறி அழுகும் பலகை, ஆக்சிஜனைத் தின்றுவிட்டிருக்கும். நாற்றமே இல்லாமல் ஆள் சாய்ந்துவிடுவார். தமிழ்நாட்டில் சென்ட்ரிங் பிரிக்கப் போனவர்கள் மாண்ட செய்தி திரும்பத் திரும்ப வந்தும், கொத்தனார்கள் பாதிப்பேர் இதை இன்னும் நம்புவதில்லை. எல்லா மூடிகளையும் திறந்துபோட்டு, ப்ளோயர் வைத்து வெளிக்காற்றை அடித்து உள்ளே தள்ளி, ஆக்சிஜன் மீட்டரால் அளந்து பார்த்த பிறகுதான் பலகையைத் தொட வேண்டும் என்று காண்ட்ராக்டரிடம் முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிடுங்கள்.

சரி, அந்த மண்டியை என்ன செய்வது? முழுவதையும் எடுக்கவே வேண்டியதில்லை! கழிவை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அந்த மண்டியில்தான் இருக்கின்றன. அடியில் கொஞ்சம் விட்டால்தான் டேங்க் மறுபடி ஒழுங்காக வேலை செய்யும். ரொம்பவும் இறுகியிருந்தால் லாரியிலிருந்தே தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கிவிட்டு மறுபடி உறிஞ்சச் சொல்லுங்கள். ஆசிட், ஃபினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவச் சொல்பவர்கள் டேங்கைக் கெடுக்கிறார்கள்.

மண்டி பாறையாக இறுகுவதற்குக் காரணம் நம் மறதி. சொத்துவரியை ஏப்ரல் 30க்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை என்றால் ஒருவரும் மறப்பதில்லை. டேங்க் கடைசியாக எப்போது எடுத்தோம் என்று கேட்டால், பெரியவள் கல்யாணத்துக்கு முன்னாடி என்பார்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துவிட வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே எடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

வரும் லாரிக்கு நகராட்சியோ பேரூராட்சியோ கொடுத்த உரிமம் இருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள், கூச்சம் வேண்டாம். உரிமம் இல்லாத லாரி உங்கள் வீட்டுக் கழிவை ராத்திரியோடு ராத்திரியாக ஏரியிலோ ஓடையிலோ திறந்துவிடும். அந்த ஏரித் தண்ணீரைக் குடிக்கும் ஊரும் ஒன்று இருக்கும். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் இருப்பதைப் போன்ற கசடு சுத்திகரிப்பு நிலையத்துக்கோ கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கோதான் அது போக வேண்டும். இன்னும் சிலர் டேங்குக்குப் பதிலாகக் குழாயையே தெருவின் மழைநீர் வடிகாலில் செருகிவிடுகிறார்கள். அது விதிமீறல். நோட்டீஸ் வந்தால், இடித்துச் சரிசெய்யும் செலவு உங்களுடையது.

மூடியைப் பாருங்கள். இப்போதே எழுந்துபோய்ப் பாருங்கள். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் பள்ளி வளாகத்து டேங்கின் துருப்பிடித்த இரும்பு மூடி உடைந்து, மழலையர் வகுப்புச் சிறுமி ஒருத்தி உள்ளே விழுந்து இறந்தாள். வீட்டிலும் அதே தகரம்தான் கிடக்கிறது. அதன் மேல் ஒரு பூந்தொட்டியை வைத்துவிட்டுப் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். கான்கிரீட் மூடி போட்டு, விளிம்பைச் சிமென்ட் பூசி அடையுங்கள். காற்றுப்போக்கிக் குழாயின் வாயில் கொசுவலை கட்டுங்கள், இல்லையென்றால் தெருவுக்கே கொசு உற்பத்தி செய்து கொடுப்பவர் நீங்கள்தான். டெங்கு சீசனில் சுகாதார ஆய்வாளர் காம்பவுண்டுக்குள் வந்து பார்க்கலாம், அபராதமும் போடலாம். "என் வீடு, நீங்கள் யார் உள்ளே வர?" என்ற கேள்வி அங்கே எடுபடாது.

வீட்டுக்காரரின் பொறுப்பு டேங்கோடு முடிவதுமில்லை. 2019 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் தனியார் வீட்டின் உயரமான காம்பவுண்ட் சுவர் மழையில் சரிந்து பக்கத்து வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேரைக் கொன்றது. வீட்டு உரிமையாளர் கைதானார். உங்கள் மதிலில் விரிசலோ சாய்வோ, பின்பக்கம் தண்ணீர் தேக்கமோ இருந்தால், நகராட்சி நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

டேங்க் எடுக்க வேண்டியிருந்தால் 14420 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அல்லது உங்கள் நகராட்சி, பேரூராட்சி அலுவலகத்தில் உரிமம் பெற்ற லாரிகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். லாரியோடு வந்த பையன் சட்டையைக் கழற்றிக்கொண்டு இறங்கத் தயாரானால், கேட்ட ஆயிரத்தைக் கையில் கொடுத்து அப்படியே அனுப்பிவிடுங்கள். இறங்க மட்டும் விடாதீர்கள்.