விடையை மட்டும் பார்க்கும் வாத்தியார்

பல நாட்டு மாணவர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே இணையப் பாடத்துல பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படிச்சா, வீட்டுப்பாடத்தை யார் திருத்துறது? 2012-ல் வந்த ரோசலிண்ட் தளத்தின் வழி எனக்குப் பிடிச்சது.

அதன் முதல் கணக்கு: 1,000 எழுத்துவரை நீளும் டி.என்.ஏ. தொடர்ல ஏ, சி, ஜி, டி ஒவ்வொன்றும் எத்தனை? ஒவ்வொரு முயற்சிக்கும் புதுத் தரவு, 5 நிமிட அவகாசம். அதனால பக்கத்து ஆள் விடை உதவாது. நிரல் எழுதியே ஆகணும். பைத்தானோ சி-யோ, எதில் எழுதினாலும் சரி. தளம் விடையை மட்டும்தான் பார்க்கும். ஆங்கிலத்துல விளக்கி எழுதத் தடுமாறுறவருக்கும் இது நியாயமான தேர்வு.

ஆனா விடை தப்புன்னா, எங்கே தப்புன்னு அது சொல்லாது. அதைச் சொல்லத்தான் இன்னும் ஆசிரியர் தேவைப்படுறார்.