மறைத்த பெயர்

திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் நீரோடும் நாள்கள் சிலவே. மற்ற நாள்களில் ஊருணியும் கிணறுமே ஊரைக் காக்கும். இத்தகைய நிலத்தில், 'நீ யார்?' என்று கேட்டபின்பே ஒருவரைத் தண்ணீர் எடுக்க விடுவது, அவரது உயிரையே பிறர் தயவில் நிறுத்துவதாகும். அக்கேள்விக்கு அஞ்சித் தம்மை மறைத்தோர், பின்னர் அஞ்சாது விடையளித்த வரலாறுகள் பல உண்டு.

அமெரிக்காவில் 1818இல் அடிமையாகப் பிறந்தவர் பிரடெரிக் டக்ளஸ். அவர் எழுத்தறிவு பெறுவதை எசமானர் தடுத்தார். டக்ளஸ் தெருச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்து, அவர்களிடம் படிக்கக் கற்றார். 1838இல் தப்பிச் சென்று, பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்தார். ஆயினும், 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில் தம் பழைய பெயரையும் எசமானரின் பெயரையும் வெளிப்படையாக எழுதினார். மீண்டும் பிடிபடும் இடர் சூழ்ந்தமையால் கடல் கடந்து செல்ல நேர்ந்தது. நாடு திரும்பி, 1847இல் சொந்தமாக இதழ் தொடங்கினார்.

தமிழகத்தில் இரட்டைமலை சீனிவாசனின் வாழ்வும் இத்தகையதே. கோயம்புத்தூரில் பயின்றபோது, தம் குலமும் இருப்பிடமும் பிறர்க்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, உடன்பயின்றோருடன் பழகாது ஒதுங்கியிருந்ததாக அவரே எழுதியுள்ளார். அவ்வாறு அஞ்சியவர், 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். இழிவாக வீசப்பட்ட சொல், இதழின் முகப்பில் தலைநிமிர்ந்து நின்றது. தென்னாப்பிரிக்காவில் பணியாற்றித் திரும்பியபின் அவர் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச்சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானம் 1924இல் அம்மன்றத்தில் நிறைவேறியது. 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் பங்கேற்று, அவர் ஒடுக்கப்பட்டோர்க்காகக் குரல் கொடுத்தார்.

1959இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்தார். சென்னை, மதுரை ஆகிய நகரங்களுக்கும் திருவனந்தபுரத்திற்கும் சென்றார். கேரளத்தில் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் தம்மை 'அமெரிக்காவின் தீண்டத்தகாதவர்' என்று அறிமுகப்படுத்தியதாகக் கிங் பின்னாளில் கூறினார். முதலில் அவர் அதிர்ந்தார். தம் நாட்டுக் கறுப்பின மக்களின் நிலையை எண்ணிப் பார்த்து, அது உண்மையே என்று ஏற்றுக்கொண்டார்.

மூவரும் தம் பிறப்பை வெளிப்படுத்தியது அனுதாபம் வேண்டி அன்று. நாணவேண்டியவர் தாமல்லர் என்று உணர்த்தவே.

தீர்மானம் நிறைவேறிய அன்றே கிணறுகள் திறந்துவிடவில்லை. ஒவ்வோர் ஊரிலும் யாரேனும் ஒருவர் குடத்துடன் முதலில் நடக்கவேண்டியிருந்தது. இன்று நம் ஊருணியில் நீர் மொள்பவரை 'நீ யார்?' என்று எவரும் கேளாதிருந்தால், அதற்கு அந்த முதல் நடையே காரணம். கேட்பார் இருப்பின், அப்பணி நம் தலைமுறைக்கும் எஞ்சியுள்ளது என்பதே பொருள்.