இலை அழுகினால் முதலில் எந்த இலை என்று பாருங்கள்

செடி வைத்த மீன்தொட்டியில் ஓர் இலை பழுத்தாலோ ஓட்டை விழுந்தாலோ நம் கை நேராக உரப் பாட்டிலுக்குத்தான் போகிறது. கடையில் கேட்டாலும் ஒரு பாட்டிலைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். வீட்டுத் தொட்டிகளில், அதிலும் புதிதாக அமைத்த தொட்டிகளில், இலை அழுகுவதற்குப் பெரும்பாலும் உரக் குறைவு காரணமே இல்லை. அதனால் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். அந்தச் செடி தொட்டிக்கு வந்து எவ்வளவு நாளாகிறது? கெட்டுப்போனது பழைய இலையா, புதிதாக வந்த இலையா?

முதல் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. கடையில் கிடைக்கும் செடிகளில் பல, பண்ணையில் தண்ணீருக்கு மேலே, ஈரக் காற்றில் வளர்ந்தவை. அப்படி வளர்த்தால் செடி வேகமாக வளரும், பாசி பிடிக்காது, அனுப்புவதும் சுலபம். காற்றில் விரிந்த இலைக்கு மெழுகுப் பூச்சு உண்டு, காற்றை இழுக்கத் துளைகள் உண்டு. தண்ணீருக்கடியில் இவற்றால் பயனில்லை. அங்கே மெல்லிய இலை வேண்டும், கரைந்திருக்கும் சத்தை மேல்தோல் வழியாகவே இழுக்கிற இலை. எனவே செடி பழைய இலையைக் கைவிட்டுப் புதிதாக இலை விடுகிறது. நமக்குத் தெரிவதெல்லாம் வாங்கி வந்த பத்தாம் நாளே இலை கூழாவதுதான்.

இதில் பேர்போனது கிரிப்டோகோரைன். செடி வளர்ப்பவர்கள் சுருக்கமாக 'கிரிப்ட்' என்பார்கள். கடைகளில் அதிகம் விற்கிற வெண்டிட்டி, பெக்கெட்டி, பார்வா ஆகிய மூன்றுமே இலங்கையைச் சொந்த ஊராகக் கொண்டவை. இடம் மாற்றினாலோ தண்ணீரின் தன்மை சட்டென்று மாறினாலோ கிரிப்டின் இலைகள் கண்ணாடி போலாகி, தொட்டால் கையோடு வந்துவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கிப் போட வேண்டாம். மண்ணுக்குள் வேரும் குருத்தடியும் கெட்டியாக இருந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. அழுகிய இலையை மட்டும் எடுத்துவிட்டு மூன்று நான்கு வாரம் அதைத் தொடாமல் விட்டால் நடுவிலிருந்து புது இலை கிளம்பும். அதற்குள் பொறுமையிழந்து இடம் மாற்றி நட்டால், அது மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அபோனோஜெட்டானின் கதை வேறு. நம் ஊர்க் குளத்துக் கொட்டிக்கிழங்கின் இனம் அது. கொஞ்ச காலம் தழைத்து வளர்ந்துவிட்டு எல்லா இலையையும் உதிர்த்துக் கிழங்காக ஓய்வெடுக்கும். கிழங்கை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் தூங்குகிறது. நெகிழ்ந்து நாற்றம் வந்தால் போய்விட்டது. ஜாவா ஃபெர்னும் அனுபியாஸும் அடியிலிருந்து கறுத்து அழுகினால், மட்டத்தண்டை மண்ணில் புதைத்துவிட்டீர்களா என்று பாருங்கள். அதைக் கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டி வைக்க வேண்டும்.

செடி வந்து சில மாதமாகி, நன்றாக வளர்ந்துகொண்டிருந்து, இப்போதுதான் கெடுகிறதா? அப்படியானால் இரண்டாவது கேள்விக்கு வரலாம்.

சில சத்துகளைச் செடியால் உடலுக்குள் இடம் மாற்ற முடியும். தழைச்சத்தான நைட்ரஜன், மணிச்சத்தான பாஸ்பரஸ், சாம்பல் சத்தான பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை அப்படிப்பட்டவை. தண்ணீரில் இவை குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிக் குருத்துக்கு அனுப்பிவிடும். வீட்டில் பணமுடை வந்தால் பாட்டியின் நகைதான் முதலில் அடகுக்குப் போகும், அது மாதிரி. இரும்பும் கால்சியமும் ஓர் இலையில் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து நகராது. அவை குறைந்தால் அடிபடுவது புது இலை. நிறத்தைப் பார்த்து நோய் சொல்வதைவிட, எந்த இடத்து இலை என்று பார்ப்பது நம்பகமானது. மஞ்சள் நிறத்துக்கு ஆறேழு காரணம் இருக்கலாம்.

அடி இலை முழுதும் ஒரே சீராக மஞ்சளாகி உதிர்ந்தால் நைட்ரஜன் குறைவு. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியம். பாஸ்பரஸ் குறைந்தால் இலை அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது. வளர்ச்சி நின்றுபோகும், இலை கருமை தட்டும், அனுபியாஸ் இலையில் கெட்டியான பச்சைப் புள்ளிப் பாசி ஒட்டும்.

வீட்டுத் தொட்டியில் அதிகம் பார்ப்பது பொட்டாசியக் குறைவைத்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. மீனுக்குப் போடும் தீனியும் மீனின் கழிவும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் ஓரளவு தந்துவிடும். பொட்டாசியம் அந்த அளவுக்கு வருவதில்லை. ஹைக்ரோஃபிலா செடி இருந்தால் அதன் பழைய இலை ஒன்றைக் கிள்ளி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். முதலில் குண்டூசி முனையளவு பழுப்புப் புள்ளி, பிறகு அந்தப் புள்ளி விழுந்து ஓட்டை, ஓட்டையைச் சுற்றி மஞ்சள் விளிம்பு. இது பொட்டாசியத்தின் கையெழுத்து. நத்தைமீது பழி போடுவதற்கு முன் இந்த விளிம்பைத் தேடுங்கள். சாதாரணத் தொட்டி நத்தைகள் பெரும்பாலும் ஏற்கெனவே சாகிற இலையைத்தான் தின்னும். மீன் கடித்தது என்றால் விளிம்பு பச்சையாகவே இருக்கும்.

ஜாவா ஃபெர்னில் ஓர் எச்சரிக்கை. இலையின் அடிப்பக்கத்தில் கரும்புள்ளிகள் மேடு மேடாகப் புடைத்திருந்தால் அவை வித்துக் கூடுகள். ஃபெர்னுக்கு அது இயல்பு. இலை மேலும் கீழும் கறுத்துத் திட்டுத் திட்டாகச் செத்துப்போனால்தான் கவலைப்பட வேண்டும்.

புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புக் குறைவு. சென்னை போன்ற ஊர்களில் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது, காரத்தன்மை உள்ளது. அதில் வெறும் இரும்பு சீக்கிரமே படிந்து செடிக்கு எட்டாமல் போகும். இடிடிஏ சேர்ந்த இரும்பு, பிஎச் 6.5 வரைதான் ஒழுங்காகத் தாங்கும். டிடிபிஏ சேர்ந்தது 7.5 வரை. இரும்பு போட்டும் குருத்து வெளுப்பாகவே இருந்தால் அளவைக் கூட்டாமல் வகையை மாற்றுங்கள்.

புது இலை முறுக்கிக்கொண்டு, நுனி கொக்கிபோல வளைந்தால் கால்சியத்தைச் சந்தேகிக்கலாம். போர் தண்ணீர் ஊற்றும் வீட்டில் இதற்கு வாய்ப்பு குறைவு. ஆர்.ஓ. தண்ணீர் மட்டுமே ஊற்றுகிறவர்களுக்குத்தான் இது வரும். அந்த இயந்திரம் உப்போடு சேர்த்துக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் வடிகட்டிவிடுகிறது. கொஞ்சம் போர் தண்ணீரைக் கலந்து ஊற்றினாலே பல சமயம் சரியாகும்.

இன்னொரு ஆசாமி கரியமில வாயு. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். விளக்கை மட்டும் பிரகாசமாக்கி, வாயுவுக்கு ஏற்பாடு செய்யாவிட்டால் எந்த உரமும் பயன்படாது. குருத்து சிறுத்துச் சுருண்டு, பாசியும் ஏறினால் உரத்தை விட்டுவிட்டு விளக்கு நேரத்தை ஆறு ஏழு மணியாகக் குறைத்துப் பாருங்கள். உயரமாக வளரும் தண்டுச் செடிகளில் அடி இலை மட்டும் உதிர்வது வெளிச்சம் எட்டாததால். மேல் பாகத்தை வெட்டி நட்டால் போதும். 'திரவக் கார்பன்' என்று விற்பதில் இருப்பது பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு. வாலிஸ்நேரியா அதைத் தாங்காமல் கூழாகிவிடும்.

குறை பொட்டாசியமும் நைட்ரஜனும்தான் என்று உறுதியானால், விலையுயர்ந்த பாட்டில் தேவையில்லை. உரக்கடையில் 13:0:45 என்று விற்கும் பொட்டாசியம் நைட்ரேட் போதும். 50 கிராமை 500 மில்லி தண்ணீரில் கரைத்து வையுங்கள். இரண்டடித் தொட்டியில் மண், கல் போக சுமார் 50 லிட்டர் நிற்கும். அதற்கு 5 மில்லி ஊற்றினால் நைட்ரேட் சுமார் 6 பிபிஎம், பொட்டாசியம் சுமார் 4 பிபிஎம் கூடும். மீன் நிறைய இருந்து நைட்ரேட் ஏற்கெனவே தாராளமாக இருந்தால், 0:0:50 என்கிற பொட்டாசியம் சல்பேட் பொருத்தம். அதே கடையில் கிடைக்கும் 19:19:19-ஐ மட்டும் தொடாதீர்கள். அதில் யூரியாவும் அம்மோனியமும் இருப்பதால் மீன் செத்துப்போகலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு மூன்று வாரம் விட்டுப் பாருங்கள். ஓட்டை விழுந்த இலை மறுபடி அடைபடாது, மஞ்சளான இலை பச்சைக்குத் திரும்புவதும் அரிது. அதனால் பழைய இலையைப் பார்த்து உரம் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்ட முடியாது. உரம் போட்ட பிறகு விரிந்த இலையைத்தான் பார்க்க வேண்டும். முழுதும் அழுகிய இலையைக் காம்போடு வெட்டி எடுங்கள், விட்டுவைத்தால் அம்மோனியா கிளப்பும். பாதி மஞ்சளான இலையை விட்டுவையுங்கள். செடி அதிலிருந்து இன்னும் சத்தை உருவிக்கொண்டிருக்கிறது.