தீயை முந்தும் தூள்

1906 மார்ச் 10, காலை ஆறரை மணி. வட பிரான்சின் கூரியேர் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 1,099 பேர் மாண்டார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. எரிவாயுத் தொல்லை இல்லாத சுரங்கம் என்று பெயரெடுத்த இடம் அது. வாயு இல்லாமல் கரித்தூசி மட்டுமே வெடிக்குமா என்று நிபுணர்கள் வாதாடிக்கொண்டிருந்த காலமும் அதுதான். இருபது நாள் கழித்து அந்த இருட்டிலிருந்து 13 பேர் உயிரோடு வெளியே வந்தார்கள்.

கரித்துண்டு அடுப்பில் நிதானமாகக் கனியும். அதையே மாவாக இடித்துக் காற்றில் பறக்கவிட்டால் ஒரு பொறி போதும். எங்கோ மூலையில் நடக்கும் சிறு வெடிப்பு, தரையிலும் சுவரிலும் படிந்த தூசியைக் கிளப்பும்; கிளம்பிய தூசி அடுத்த வெடிப்புக்கு இரையாகும். 1965-ல் தன்பாத் பக்கம் தோரி சுரங்கத்தில் 268 பேரைக் கொன்றதும் இந்தத் தூசிதான்.

ஆனால் வெடிப்பில் காற்றலை முன்னே ஓடுகிறது, தீ பின்னே வருகிறது. கூரியேருக்குப் பிறகு தாஃபனெல் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இந்த நொடி இடைவெளியைப் பிடித்துக்கொண்டார். சுரங்கப் பாதையின் கூரையடியில் பலகைகள். அவற்றின் மேல் குவியலாகக் கல்தூள். காற்றலை பலகையைக் கவிழ்க்கும். தூள் கொட்டிப் பாதையை அடைக்கும். வந்து சேரும் தீ அந்தப் புழுதிக்குள் வெப்பத்தை இழந்து அணையும். எவ்வளவு எளிய, எவ்வளவு அழகான யோசனை!

சுண்ணாம்புக்கல் தூள் வெப்பத்தை உறிஞ்சும், அவ்வளவே. நம் ஆப்ப சோடா இன்னும் ஒரு படி மேலே போகும். சூட்டில் சிதைந்து கரியமில வாயுவையும் நீராவியையும் விடும். தீயைத் தொடர்ந்து வளர்க்கும் வேதித் துணுக்குகளையும் மடக்கிப்போடும். தீயணைப்பு உருளைகளில் இருக்கும் அம்மோனியம் பாஸ்பேட்டும் சூட்டில் சிதைந்து இந்தத் துணுக்குகளை மடக்கும். தீப்பொறியை உணர்ந்த நொடியிலேயே இவற்றைப் பீய்ச்சும் கருவிகள் ஆலைகளில் உண்டு. ஆனால் கரித்தூசி எரியாதபடி அதோடு கலக்க, மைல்கணக்கான சுரங்கம் முழுக்கத் தூவ இவை கட்டுப்படியாகாது. ஈரம் பட்டால் கட்டிதட்டியும் போகும். அங்கே மலிவான சுண்ணாம்புத் தூள்தான் கதி. அதையும் ஒரு முறை தூவி விட்டுவிட முடியாது. வெட்ட வெட்டப் புதுத் தூசி மேலே படியும். மறுபடி தூவ வேண்டும்.

2010 ஏப்ரலில் அமெரிக்காவின் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 29 பேர் இறந்தார்கள். தூசியில் எரியாத பொருள் 80 சதவீதமாவது இருக்க வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகுதான் சுரங்கத்தின் எல்லாப் பகுதிகளுக்கும் வந்தது. அத்தனை பெரிய சுரங்கத்துக்குத் தூள் தூவ இருந்தவர்கள் இரண்டே பேர் என்று விசாரணையில் தெரிந்தது. அவர்களையும் அடிக்கடி வேறு வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.